முள் ஏன் அசையவில்லை?

பிராமியின் சித்தப்பா தர்மசந்திரன் கால்நடை மருத்துவர். காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்த ஊரில் மாடு நோய்வாய்ப்பட்டாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். உடனே தன் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. சாலையோரக் கற்களெல்லாம் கிலோமீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த வண்டியின் மீட்டர் மட்டும் இன்னும் மைல் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்வதும் தப்பு. போன வாரம் முன்சக்கரம் பஞ்சரானதிலிருந்து மீட்டர் ஓடவே இல்லை. வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

வேகம் தெரியாவிட்டால் என்ன, வண்டிதான் ஓடுகிறதே என்று பிராமி கேட்டாள். வேகம் போனால் போகட்டும் என்றார் சித்தப்பா. ஆனால் டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று காட்ட அந்த வண்டியில் ஒன்றும் கிடையாது. எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துத்தான் அவர் பெட்ரோல் போடுவார். ஒரு தடவை டாங்குக்குள் குச்சி விட்டு ஆழம் பார்த்தாராம். குச்சி உடைந்து உள்ளே விழுந்து, அதை எடுக்க அரை நாள் ஆயிற்றாம்.

முந்தின நாள் தென்னேரி ஏரிக்கரையில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. வேகாத வெயிலில் வாலாஜாபாத் வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"நேத்து திரும்பி வரும்போதுதான் நின்னுது. போவும்போது நின்னிருந்தா அந்த மாட்டோட கதி என்ன?" என்றார்.

மெக்கானிக் சபாபதியோ தங்கை கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். இப்போதைக்கு வரமாட்டார்.

பிராமியை வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. வண்டி இவ்வளவு வேகமாகப் போகிறது என்று மீட்டருக்கு யார் சொல்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியின் முன்னால் போய்க் குந்திக்கொண்டாள். இஞ்சின்தான் சொல்லும் என்று அதுவரை நினைத்திருந்தாள். ஆனால் மீட்டரிலிருந்து இஞ்சினுக்கு எதுவும் போகவில்லை. ஒரு கறுப்புக் குழாய் மட்டும் மீட்டரின் அடியிலிருந்து கிளம்பி, நேரே முன்சக்கரத்தின் நடுப்பகுதிக்கு வந்தது. அங்கே அதிரசம் அளவுக்கு வட்டமாக ஓர் இரும்புப் பெட்டி இருந்தது.

சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து குழாயின் முனையைத் திருகிக் கழற்றினாள். குழாய்க்குள் ஒரு கம்பி இருந்தது. அவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கம்பியின் முனையை விரல்களுக்கிடையே வைத்து வேகமாக உருட்டினாள்.

"முள்ளு ஆடுதும்மா," என்றார் சித்தப்பா ஆச்சரியத்தோடு.

அப்படியென்றால் மீட்டரில் கோளாறு இல்லை, கம்பியிலும் இல்லை. பிராமி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குழாய் இருந்த துளைக்குள் எட்டிப் பார்த்தாள். வெளியே சக்கரம் சுற்றியது. பெட்டிக்குள் எதுவும் சுற்றவில்லை.

சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றியவர் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த சின்னப்பையன். பஞ்சர் ஒட்டியவர் அவர்தான். மீட்டர் நின்றுபோனதும், சைக்கிள் கடையில் மோட்டார் சைக்கிளைக் கொடுத்தால் இப்படித்தான் என்று சிலர் அவர் காதுபடவே சிரித்தார்கள். அதிலிருந்து வண்டியின் சத்தம் கேட்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிராமி கடைக்குப் போனதும், அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "நான் மீட்டர் மேல கையே வைக்கலம்மா."

"தெரியும்ணா. மீட்டரு நல்லாத்தான் இருக்குது. சக்கரத்துக்குள்ளதான் என்னமோ இருக்குது. எனக்கு நட்டு கழட்ட வராது. நீங்க வர்றீங்களா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார். ஒரே ஒரு நட்டு மிச்சமானாலும் இரண்டு பேரும்தான் வண்டியைத் தள்ள வேண்டும் என்று சித்தப்பா எச்சரித்தார்.

சக்கரம் கழன்று வந்தது. பெட்டியைப் பிரித்து, பிராமி கிரீசைத் துணியால் துடைத்தாள். உள்ளே ஒரு வளையம். அதில் சின்னதாக இரண்டு நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. சக்கரத்தின் நடுவில் அவை உட்காருவதற்கென்றே இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஆனால் நாக்குகள் பள்ளத்தில் விழாமல் மேட்டில் நின்றபோதே நட்டை முறுக்கியிருக்கிறார்கள். ஒரு நாக்கு வளைந்துகூடப் போயிருந்தது.

சின்னப்பையனின் முகம் சுருங்கியது. "அப்போ நான்தான் கெடுத்துட்டேன்."

"சைக்கிள் சக்கரத்துல இந்த மாதிரி நாக்கு இருக்குமாண்ணா?"

"இருக்காது."

"அப்புறம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே இப்பத்தானே தெரிஞ்சிது."

அவர் குறட்டால் நாக்கைப் பிடித்து, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து மெதுவாக நிமிர்த்தினார். பிராமி புதுக் கிரீஸ் தடவி, பெட்டியைச் சக்கரத்தோடு சேர்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். 'டக்' என்று இரண்டு நாக்குகளும் பள்ளத்தில் விழுந்தன. அது நகராமல் அவள் பிடித்துக்கொள்ள, அவர் சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கினார். குழாயையும் பொருத்தி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

முள் மெல்லத் தலையைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

நட்டு எதுவும் மிச்சமாகிக் கிடக்கிறதா என்று சித்தப்பா தரையில் இரண்டு தடவை தேடினார். கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாகறலிலிருந்து ஆள் வந்துவிட்டது. கங்கையம்மாளின் பசு கன்று போட முடியாமல் விடிந்ததிலிருந்து தவிக்கிறதாம். பையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி, சித்தப்பா பிராமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியில் டாங்கு நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மீட்டரில் இருந்த மைலையும் பார்த்துக்கொண்டார். மாகறல் வரைக்கும் பிராமி கோயில் கோபுரத்தையும் பார்க்கவில்லை, வயலையும் பார்க்கவில்லை. சித்தப்பாவின் தோளுக்கு மேலே எட்டி எட்டி முள்ளையே பார்த்துக்கொண்டு போனாள்.

உச்சிப்பொழுதில் கன்று பிறந்தது. நான்கு கால்களும் வெடவெடக்க எழுந்து நின்றது. பசு அதை நக்கிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் சித்தப்பா கை கழுவப் போனார்.

திரும்பி வந்து தெருமுனையில் வண்டியை நிறுத்தினார்கள். சின்னப்பையன் கடையிலிருந்து ஓடிவந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது.

"மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் கவலையோடு.

"வண்டி நின்னா அதுவும் நின்னுடும்ணா."

"அப்போ அது ஓடறத நான் எப்பிடிம்மா பாக்குறது?"

பிராமி வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். "நீங்க ஏறுங்கண்ணா."

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சற்று முன்னால் நகர்ந்து இடம் விட்டார். சின்னப்பையன் கைகளை லுங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி வேகவதி ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பியது.

"முப்பதும்மா," என்றார் அவர், இறங்குவதற்கு முன்பே. "முப்பது வரைக்கும் போச்சி."

மாகறல் போகும்போது முள் இருபத்தைந்தைத் தாண்டவே இல்லை. பிராமி சித்தப்பாவை முறைத்தாள். சித்தப்பா அவசர அவசரமாகப் பெட்ரோல் டாங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.