கதிரை மறித்த கை

1991, ஐப்பசி மாதம். ஒரகடம் சாலையில், தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் அந்தப் பிரஸ் கம்பெனிக்குள் தேவிப்பிரியா நுழைந்தபோது பிற்பகல்தான். ஆனாலும் மழை இருட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரத் தகரமும் எண்ணெயும் கலந்த வாடை. அவள் அண்ணன் பகலவன் போன மாதம் கை நசுங்கி இறந்த பிரஸ் மூலையில் நின்றது.

அதன் வாய்க்கு முன்னால் ஓர் ஒளிக்கதிர் ஓடும். கை மறித்தால் பச்சை விளக்கு சிவப்பாகும். கம்ப்யூட்டர் பிரஸ்ஸை நிறுத்திவிடும். பகலவன்தான் கதிரை அணைத்துவிட்டு உள்ளே கையை விட்டான் என்றது நிர்வாகம். பிரஸ்ஸை நிறுத்துவதில் கம்ப்யூட்டருக்குத் தாமதமே இல்லை என்று சோதனை முடிவையும் காட்டியது. செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப்போகிறான்? பெற்ற தாயே நம்பிவிட்டாள். அதைத்தான் தேவிப்பிரியாவால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், மன்றாடி மறுசோதனைக்கு அனுமதி வாங்கியிருந்தாள்.

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இழை என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஓர் இடம்; மேலே இருப்பது முடியும்வரை கீழே இருப்பது காத்திருக்க வேண்டும். போன முறை சோதித்தவர்கள் தாமதத்தை அளக்கும் இழைக்கு முதல் இடம் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட, கலெக்டர் காரில் போய்க்கொண்டே சாலையில் நெரிசல் இல்லை என்று எழுதுவது போலத்தான். பிரஸ்ஸை நிறுத்தும் இழை, உற்பத்தியை எண்ணும் இழைக்கும் கீழே கிடந்தது.

நிறுத்தும் இழை காத்திருக்கும் நேரம் அளவில் தெரியும்படி, அளக்கும் இழையைக் கீழே இறக்கி அதற்குச் சமமாக வைத்தாள். பிரஸ்ஸை ஓடவிட்டாள். தான் சொன்னதும் மூங்கில் கழியால் கதிரை மறிக்கும்படி சூப்பர்வைசர் அப்பாவுவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் இன்னும் சொல்லவில்லை.

விளக்கு சிவந்தது.

பிரஸ் நிற்கவில்லை. ஒருமுறை முழுதாக இறங்கி அடித்த பிறகே நின்றது. தாமதம் திரையில் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவு கழியோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நான் கிட்டயே வரலம்மா," என்றார் மெதுவாக.

பச்சை வந்தது. பிரஸ் மறுபடி ஓடியது. மறுபடி சிவப்பு. மறுபடி தாமதம்.

யார் மறிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேனேஜர் உதயசூரியன் வந்து திரையைப் பார்த்தார். கதிரை மறித்த பிறகும் பிரஸ் தாமதமாகத்தான் நின்றது, தவறு பகலவனுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

தேவிப்பிரியா நிறுத்தும் இழையை வரிசையில் முதலாவதாக வைத்தாள். பிரஸ் இறங்கியது. விளக்கு சிவந்த கணமே பாதியில் நின்றது.

"இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாதும்மா," என்றார் அப்பாவு. நாளைக்கே உற்பத்தி லைனை ஓட்டலாம் என்றும் சொன்னார்.

ஆனால் சிவப்பு மாறவில்லை. அது எரியும்வரை பிரஸ் ஓடாது. கதிரின் கண்ணாடிகளைத் துடைத்துப் பார்த்தார்கள். நடுவில் எதுவும் இல்லை.

அவள் பிரஸ்ஸின் வாயருகே குனிந்தாள்.

"கைய எடுண்ணா. நான் சரி பண்ணிட்டேன். இனிமே யாரையும் அடிக்காது."

சிவப்பு.

அப்பாவு ஓடிப்போய் மெயினை அணைத்தார். பிரஸ்ஸின் உறுமல் அடங்கியது. திரை, கூரை விளக்குகள் எல்லாம் போயின. சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சின்ன வயதிலிருந்து அவள் சொல்லி அண்ணன் கேட்காதது இது ஒன்றுதான்.