நாலு கதவுள்ள வீடு

அவள் நாலு என்று கொடுத்தாள். ஸ்கிரிப்ட் ஐந்து என்று வாங்கிக்கொண்டது.

கட்டடக் கதவுகளைப் பூட்டித் திறக்கும் மென்பொருள் அது. அதைக் கணினியில் நிறுவும் சிறு நிரல்தான் ஸ்கிரிப்ட்; அதற்கு எத்தனை கதவு என்று சொல்லியனுப்ப வேண்டும். தனக்கு வந்து சேர்ந்த எண்ணை அது பதிவில் எழுதும். இரண்டும் ஒத்துப்போனால் சோதனைத் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஏதோ ஒரு எண் வேண்டுமே என்று குழுவில் எல்லோரும் அவரவர் வீட்டுக் கதவுகளையே எண்ணிக் கொடுப்பார்கள். அவள் வீட்டில் வாசல், சமையலறை, குளியலறை, மகள் மதியத் தூக்கம் போடும் அறை.

ஒவ்வொரு சோதனைக்கும் சோதனைக் கணினியை அடியோடு அழித்துப் புதிதாகத்தான் எழுப்புவார்கள். பழையதை நினைவில் வைத்திருக்க அங்கே எதுவும் இல்லை. வீட்டிலிருந்தபடியே ஆறு முறை ஓட்டினாள். ஆறு முறையும் ஐந்து. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த அந்த மதியத்தில், மின்விசிறியின் ஓசைக்கு அடியில் யாரோ மரம் இழைப்பதுபோல் ஒரு சன்னமான உராய்வும், அது நின்றதும் ஈரச் சிமெண்டின் வாசனையும் வர, இரண்டையும் பக்கத்து வீட்டின் தலையில் கட்டிவிட்டுக் குழுத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், நாலு அனுப்பினா அஞ்சுன்னு வாங்குது."

"நீ எதிர்பார்க்கிற எண்ணையே அஞ்சுன்னு மாத்திடும்மா. பச்சை வந்துடும். நாங்க எல்லாரும் அப்படித்தான் மாத்தினோம்."

"விடையைப் பார்த்துக் கேள்வியைத் திருத்தவா சார் எனக்குச் சம்பளம்?"

அவர் சிரிக்கவில்லை.

"உங்க வீட்ல எத்தனை கதவு சார்?"

"மூணு இருந்துச்சு," என்றார். "மாத்திடும்மா. மாத்திட்டா தட்டுறது நின்னுடும்."

போனை வைத்தாள். பிறர் சொன்னதற்கேற்ப எத்தனை முறை தன்னைத் திருத்திக்கொண்டிருப்பாள். சரியாகச் சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டிருப்பாள். இந்த வீட்டில் எத்தனை கதவு என்று அவளுக்குத் தெரியும்.

மீண்டும் நாலு. சிவப்பு.

மகளின் அறையில் யாரோ தட்டினார்கள்.

ஓடினாள். குழந்தை அசையாமல் தூங்கியது. கட்டிலை ஒட்டிய வெறும் சுவரில் ஒரு கதவு. மற்ற கதவுகளின் அதே நிறம். சாயம் இன்னும் காயவில்லை.

கைப்பிடி இறங்கியது.

இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினாள். மறுபக்கம் கனத்தது. கைப்பிடி இளஞ்சூடாக இருந்தது.

"நாலுதான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்மா, யாரும்மா அது?" குழந்தை விழித்துக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லடா. நீ எழுந்து வாசலுக்குப் போ. திரும்பிப் பார்க்காம போ."

சின்னக் கால்கள் ஓடின. கைப்பிடி அடங்கியது. அவள் விடவில்லை.

அதற்குக் கீழே, குழந்தையின் கை எட்டும் உயரத்தில், ஈரச் சாயத்தைக் கிழித்துக்கொண்டு இன்னொரு கைப்பிடி முளைத்து மெல்லத் திரும்பியது. அவள் முழங்காலை அதன்மேல் ஊன்றினாள்.