கூடுதலாக ஒரு பலகை

முதல்நாள் மாலை சிவரூபன் மூன்று பலகைகளைத்தான் அறைந்துவிட்டு எழுந்தான். மறுநாள் துறைமுகத்தில் வேலை முடிந்து உப்புவெளி வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் அவன் செய்துகொண்டிருந்த கட்டில் சட்டத்தில் நாலாவது பலகையும் இருந்தது.

கட்டில் அவன் மனைவி லதுசாவுக்கு. முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளால் தனியாகப் புரளவும் ஏலாது. உள்ளறையில் பாயில் கிடந்தாள். மாரி தொடங்கிவிட்டதால் தரையின் ஈரம் பாயைக் கடந்து அவள் முதுகுப் புண்ணில் ஏறிக்கொண்டிருந்தது.

"இண்டைக்கு ஆர் வந்தது?"

"றஹ்மா அக்கா சோறு தந்திட்டுப் போனவ. பிறகு நீங்கள்தானே வந்து ஆணி அடிச்சனீங்கள். கூப்பிட்டனான், நீங்கள் கதைக்கேல்ல."

அவன் அலவாங்கை எடுத்து வந்தான். அந்தப் பலகையை நெம்பி எடுத்தான். அதில் ஆணி அறைந்த துளையே இல்லை. மரவாசனையும் இல்லை; அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாசனை. முற்றத்து மழையில் எறிந்துவிட்டு, கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டிலேயே இருந்து மிச்ச வேலையை முடித்தான். லதுசா கேட்ட கடல்நீலப் பெயின்ற்றை, கூரையில் மழை இரைய, எண்ணெய் நெடி தொண்டையில் கரகரக்க, பிரஷ் மரத்தை நக்கும் மெல்லிய ஓசையைக் கேட்டபடி கால்களிலிருந்து தலைமாட்டை நோக்கி நிதானமாகப் பூசிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றாள் உள்ளேயிருந்து. "தலை இடிக்குது."

"என்னத்தை?"

"சுத்தியலை."

சுத்தியல் அவன் காலடியில் கிடந்தது. அவனுக்கு மழை மட்டுமே கேட்டது. குனிந்து, பூசாத பலகை ஒன்றில் காதை வைத்தான். கேட்டது. அவசரமில்லாத அடி. ஒன்று. பிறகு ஒன்று.

அவளை அதில் கிடத்துவதில்லை என்று தீர்மானித்தான். விடிந்ததும் உடைத்து எரிக்கலாம்.

விடிந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்திருந்தது. பாயின் ஓரங்கள் மிதந்தன. லதுசாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வேறு வழியில்லை. அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான். மூன்று மாதங்களில் முதல்தரம் அவள் முகம் தளர்ந்தது.

"நல்லா இருக்கு," என்றாள்.

மத்தியானம்வரை பக்கத்திலேயே இருந்தான். எதுவும் நடக்கவில்லை. காய்ச்சல் ஏறியது. குளிசை முடிந்திருந்தது. பக்கத்திலிருந்த றஹ்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. மருந்துக்கடை சைக்கிளில் பத்து நிமிடத் தூரம்.

"உடன வந்திடுவன்."

"ஓம்," என்றாள் கண்மூடியபடி.

திரும்பி வரும்போது தெரு முனையிலேயே கேட்டது. சுத்தியல். இப்போது வேகமாக. சைக்கிளைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் ஓடினான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தான்.

சத்தம் நின்றது.

கட்டிலின் நான்கு பக்கமும் பலகைகள் இடுப்பளவு உயர்ந்திருந்தன. மேலேயும் மூடியிருந்தது. எல்லாம் நீலம். காய்ந்த நீலம். ஆணி இல்லை. இணைப்பு இல்லை. அலவாங்கால் ஓங்கிக் குத்தினான். வழுக்கியது. மறுபடியும். கீறல்கூட விழவில்லை.

"லதுசா!"

உள்ளே யாரோ புரளும் ஓசை. பிறகு அவள் குரல், அரைத் தூக்கத்தில், அவனிடம் பேசுவதுபோலவே:

"கொஞ்சம் தள்ளிப் படுங்கோ. ரெண்டு பேருக்கு இடம் காணாது."