முந்தி வரும் சத்தம்

அவள் தட்டுவதற்கு முன்பே டிரம் அடித்தது.

முந்தியது ரொம்பக் கொஞ்சம்தான், வேறு யாருக்கும் பிடிபட்டிருக்காது. ஆனால் நாளைக்கு அவளுக்கு முதல் மேடை. மூன்று வாரமாக மிடி டைமிங்கோடு, தட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியோடு, மல்லுக்கட்டிய காது அது. எலெக்ட்ரானிக் டிரம் பேடை விரலால் தட்டினால், சிக்னல் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குப் போய்ச் சத்தமாகத் திரும்ப வேண்டும். தாமதமாக வரலாம். எல்லா செட்டப்புக்கும் உள்ள வியாதிதான். முந்தி எப்படி வரும்?

கேபிளை மாற்றினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிந்து பார்த்தாள். திரையில் டிரம்மின் அலை முன்னால், விரல் பட்ட சத்தம் பின்னால். ஒவ்வொரு தடவையும் இடைவெளி கூடியது.

ஒத்திகைக்குப் பெரிய ஸ்பீக்கர் எடுத்துவரப் போயிருந்த அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

"லேட்டா வந்தாதான் திட்டுவ. சீக்கிரம் வந்தாலுமாடி, வாலு?" சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. சுவரெங்கும் ஒட்டிய ஃபோம் ஈர மெத்தை போல நாற, சூடேறிய அடாப்டரின் வாசனை அதோடு கலந்து, ஃபேனை நிறுத்திய அறையில் அவள் மூச்சே அவளுக்கு இரைச்சலாகக் கேட்டது. ஹெட்போனில் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் அசையவே இல்லை. திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

நாற்காலி கிரீச்சிட்டது.

முந்தும் வியாதி மைக்குக்கும் தொற்றிவிட்டது.

மறுபடி ஹெட்போனில் சத்தம். கீழே கேட் திறந்தது. படியில் பாரம் சுமந்த காலடிகள், ஒவ்வொன்றாக மேலே. பிறகு அவளுடைய குரலே, காதுக்கு மிக அருகில்: "அண்ணா."

காலடி நின்றது. ஏதோ சறுக்கியது. ஸ்பீக்கர் படிகளில் உருண்டது. அதற்கடியில் ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

கீழே கேட் திறந்தது.

எச்சரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். ஹெட்போனில் கேட்டதில், கூப்பிட்டதால்தான் அவன் விழுந்தான். கூப்பிடாவிட்டால்?

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். மூச்சுகூட விடவில்லை.

காலடி.

இன்னொன்று.

மைக்குக்குப் பின்னால், ஃபோம் ஒட்டிய இருட்டு மூலையிலிருந்து, அவள் குரல் கூப்பிட்டது.

"அண்ணா."

காலடி நின்றது.