அண்ணன் வரட்டும்

பேனா தரையில் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. விழுந்தது தன் விரல்களிலிருந்துதான் என்பதைக் கை சொல்லவில்லை.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய வக்கீல் அலுவலகம். மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குக் கட்டு பிரித்தபடி இருந்தது. மின்விசிறி காகித ஓரங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. வெளியே யாரோ கார் கழுவும் தண்ணீர்ச் சத்தமும், நடுப்பகல் வெயிலில் சூடேறிய ஜன்னல் கம்பியின் இரும்பு வாசனையும் அதனதன் இடத்தில் இருந்தன. வலது கை மட்டும் மேசைமேல், யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை போலக் கிடந்தது. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அடைத்த குழாயில் காற்று புரள்வது போல ஒரு சத்தம் வந்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தவன் சிரித்தான். ஏதோ ஒரு நீதிபதியை நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் உதடு ஒரு பக்கம் இறங்கியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். மருத்துவமனையிலும் யாரும் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போனது, ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது, ஸ்கேன் இயந்திரத்தின் வெள்ளை வளையம் தலையைச் சுற்றி உறுமி ஓய்ந்தது. மேசையிலிருந்து அவளை இறக்குவதற்குள் கம்ப்யூட்டர் படத்தைப் படித்து, அடைப்பு எங்கே என்று குறித்து, டூட்டி டாக்டரின் போனுக்கு அனுப்பியிருந்தது. முன்பெல்லாம் இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த நிபுணரைத் தேடிப் பிடிப்பதற்கே பாதி மூளை போய்விடும் என்றார் டாக்டர்.

அவர் இளைஞர். திரையைக் கணவன் பக்கம் திருப்பினார். அவள் மூளையின் குறுக்குவெட்டு அதில் தெரிந்தது. இடது பக்கத்தில் நகம் அளவுக்குச் சிவப்பு. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பச்சை.

"சிவப்பு போனது சார், அது திரும்பாது. பச்சை பூரா இன்னும் உயிரோட இருக்கு. தொடையில மெல்லிசா ஒரு குழாய் விட்டு, மேல வரைக்கும் போய் அடைப்பை இழுத்துடலாம். தியேட்டர் ரெடி. அவங்களால சம்மதம் சொல்ல முடியல, நீங்க கையெழுத்து போடுங்க."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன் டாக்டர்."

அவளுக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் பயங்கரம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக உள்ளே வந்தது. வெளியே போகும் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

அண்ணனைக் கேட்காமல் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ்கூட வாங்கியதில்லை. "என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொன்னதே உங்க அண்ணன்தானே" என்று அவளே பல முறை கிண்டல் செய்திருக்கிறாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். கணவனின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். குடும்பத்தில் அவரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவளை 'வக்கீலம்மா' என்று மட்டுமே கூப்பிடுவார், மரியாதையில் அல்ல. போனின் ஸ்பீக்கரில் இப்போது அவர் குரல், பின்னால் லாரிகளின் இரைச்சலோடு.

"மிஷின் சொல்லுச்சாம், இவர் உடனே தலைக்குள்ள கம்பி விடுவாராம். என் கடை கம்ப்யூட்டருக்கே பில்லை ஒழுங்கா கூட்டத் தெரியல. நான் கிளம்பிட்டேன். வர்ற வரைக்கும் எதுலயும் கை வைக்க விடாதே."

டாக்டர் மறுபடி சொன்னார். குரலை உயர்த்தியும் சொன்னார். பிறகு அவர் கண்கள் வாசல் பக்கம் போயின. போன மாதம் யாரோ ஒரு நோயாளியின் உறவினர்கள் உடைத்த கண்ணாடி அங்கே இன்னும் டேப் ஒட்டியபடி நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

உயிர் அவசரத்தில் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவளே ஒரு வழக்கில் வாதாடி ஜெயித்திருக்கிறாள். அந்தத் தீர்ப்பின் வரிகள் அவளுக்கு மனப்பாடம். டாக்டர், பயப்படாதே, வெட்டு, விடு, இழு என்று உள்ளுக்குள் கத்தினாள். எச்சில் வழிந்தது. கணவன் அன்பாகத் துடைத்துவிட்டான். "அண்ணன் வந்துடுவாரும்மா" என்றான். அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

திரையை யாரும் அணைக்கவில்லை. அது அவள் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. பச்சை அப்படியே இருந்தது. அந்தப் படம் பழையது என்பது மெதுவாக, காலிலிருந்து ஏறும் குளிர் போல, அவளுக்கு உறைத்தது. படத்தில் பச்சை. உள்ளே இப்போது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

சாட்சிப் பொருள்களை வரிசைப்படுத்துவது போல அறையிலிருந்தவற்றுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தாள். விளக்கு. திரை. திரைச்சீலை. கடிகாரம். மருந்துத் தள்ளுவண்டி. எல்லாம் இருந்தன. ஏசி ஒரே சுருதியில் ஓடியது. சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள். மறுபடி முதலிலிருந்து: விளக்கு, திரை, திரைச்சீலை. சுவரில் வட்டமாக ஒன்று. முள் ஓடுகிறது. அதன் பெயர்? நாக்கில் அல்ல, நினைவிலேயே இல்லை. ஒரு பல் விழுந்த இடம் போல வழவழப்பான பள்ளம்.

கணவன் மறுபடி போன் செய்தான். ரயில்வே கேட் மூடியிருக்கிறதாம்.

விளக்கு. திரை. தொங்குகிற துணி. வட்டம். சக்கரம் வைத்தது.

தன் மகளின் பெயரைத் தேடினாள். வெளியூரில் படிக்கிற பெண். முகம் வந்தது, பின்னலை வாயில் கடித்துக்கொண்டு படிக்கிற முகம். பெயர் இல்லை. அவள் மார்பு விம்மியது. பக்கத்தில் ஒரு கருவி பீப் பீப் என்று வேகமாக அடித்தது. கணவன் அதைப் பார்த்து, "தூங்கும்மா" என்றான்.

விளக்கு.

அது. அது.

சொற்கள் போன இடத்திலெல்லாம் கோபம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் தேவைப்படவில்லை.

செருப்புச் சத்தம். வியர்வை, பெட்ரோல் வாசனை. பெரிய உருவம் வந்து காலடியில் நின்றது. அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தது. விளக்கக் கேட்டது. கடைசியில், "சரி, பண்ணுங்க" என்றது.

டாக்டர் புறங்கையால் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு நேரமாகிவிட்டதால் இன்னொரு ஸ்கேன் பார்க்காமல் தொட முடியாது என்றார்.

வளையம் உறுமியது. இந்த முறையும் கம்ப்யூட்டர் தாமதிக்கவில்லை. படம் வந்தது.

பச்சை இல்லை.

உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

டாக்டரின் குரல் தாழ்ந்தது. இனி அடைப்பை எடுத்தால் ரத்தம் கசிந்து உயிரே போகும். வார்டுக்கு மாற்றலாம். பேச்சு வராது.

"பாத்தியா" என்றார் அண்ணன் தம்பியிடம். "அப்பவே சொன்னேனே. பண்ணலாம்னுச்சு, இப்ப வேண்டாம்ங்குது. இதை நம்பி எப்படிடா?"

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்மேல் குனிந்தான்.

அவள் பார்த்தாள். இருந்ததெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. அவன் கண் விலகியது.

"அண்ணன் நல்லதுக்குத்தான் பண்ணாரு. உனக்கு அவர் மேல கோபம் இல்லதானேம்மா?"

ஏசி ஓடியது.

அவன் விரல்கள் அவள் தாடையைப் பிடித்தன. மெதுவாக. அன்பாக. இடப்பக்கம் திருப்பின. வலப்பக்கம் திருப்பின.

"இல்லங்கறா அண்ணா."

அண்ணன் தலையசைத்தார். "வார்டுக்குப் போயிடலாமான்னு கேளு."

அந்தக் கை இன்னும் தாடையை விடவில்லை. மேலே தூக்கியது. கீழே இறக்கியது. மேலே. கீழே.