நூற்றுப்பத்து கிலோ கூடுதல்

எடைமேடையின் சிவப்பு எண் 2340-இல் நின்றுவிட்டது.

அவன் காரை விட்டு இறங்காமல், கேபினுக்கு மேலே மாட்டியிருந்த டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு சக்கரமும் இரும்புத் தகட்டின் மேல்தான் இருந்தன. காற்றில்லை. எண் ஆடி அடங்கிய பிறகும் பொறுத்துப் பார்த்தான். 2340.

கார் 2150. அவன் 80. கூட்டினால் 2230. கார் வாங்கிய ஐந்து வாரமாக ஒவ்வொரு சாயங்காலமும், வேலை இருக்கிறதோ இல்லையோ, தன்னுடைய மேடையில் தன்னுடைய காரை ஒருமுறை ஏற்றி இறக்காமல் அவன் வீட்டுக்குப் போனதில்லை. குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி அலைச்சலில் நேற்றும் முந்தாநாளும்தான் ஏற்றவில்லை. அதற்கு முன்னால் ஒருநாளும் கணக்கு பிசகியதில்லை. டீசல் வண்டி என்றால் டேங்க் நிறைந்தால் ஒரு எடை, வற்றினால் ஒரு எடை. இது பேட்டரி கார். முழு சார்ஜிலும் அதே எடை, ஒன்றுமில்லாமல் நின்றாலும் அதே எடை. வாழ்க்கை முழுக்க எடையோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த மாறாத எண் ஒரு சுகம்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏம்ப்பா மொதலாளி, டிக்கியில உன் மச்சான் படுத்துத் தூங்கறானா பாரு."

கேபினுக்குள் இருந்தவர் முக்கால். லாரிக் கதவு இடக்கையில் ஒன்றரை விரலை எடுத்துக்கொண்டதிலிருந்து அதுதான் பேர். பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே லாரியில் மூட்டை தூக்கினார்கள். அவன் கல்குவாரிக்குப் போகும் சாலையில் எடைமேடை போட்டபோது, முட்டி தேய்ந்துபோயிருந்த முக்காலைக் கூப்பிட்டு ரசீது அடிக்க உட்காரவைத்தான். மொதலாளி என்று அவர் கூப்பிடுவது மரியாதையில் சேராது.

"ஸீரோ பண்ணித்தான் ஏத்துனியா அண்ணே?"

"இப்பப் போன ஜல்லி லாரிக்கு சரியாத்தானே காட்டுச்சு. நீ கரண்டை வயிறு முட்ட ஏத்திட்டியோ என்னவோ, அது கனக்குது."

அவன் இறங்கிப் பின்பக்கத்தைத் திறந்தான். சார்ஜ் கேபிள், ஒரு குடை, குழந்தைக்கு வாங்கிய துணிப்பை. மொத்தமும் ஆறேழு கிலோகூட வராது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. எழுந்தபோதுதான் சக்கரத்தைக் கவனித்தான். சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே மூன்று விரல் போகும். மற்ற மூன்று சக்கரத்திலும் போனது. இடது பின்சக்கரத்தில் இரண்டுதான் போனது.

எடையை அவன் உடம்பால் படித்தவன். நூற்றுப்பத்து என்பது இரண்டு ஆள். அல்லது ஒரு ஆளும் ஒரு சுமையும். அது இடது பின்சீட்டில் இருக்கிறது.

முக்கால்மேல் சந்தேகம் வந்தது. மேடைக்கு அடியில் கல் எதையாவது செருகி விளையாடுகிறாரா? இவனிடம் கார் இருப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மச்சான்மேலும் வந்தது. மனைவியின் தம்பி, போன ஞாயிறு காரைக் கேட்டு வாங்கிப் போனவன், பாட்டுப் பெட்டி ஏதாவது உள்ளே வைத்துப் பூட்டியிருப்பான். போன் போட்டான்.

"நான் சீட்டைக்கூட நகத்தல மாமா, சத்தியமா. அது சரி, நேத்து சிக்னல்ல கையக் காட்டினேனே, கண்டுக்கவே இல்ல. பின்னாடி யாரு அது?"

"எங்க?"

"பின்சீட்லதான். தலையில துணியச் சுத்திக்கிட்டு, குனிஞ்ச மாதிரி. உங்க பழைய ஆளுங்க யாரையாவது ஏத்திட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

அவன் போனை வைத்தான். நேற்று அவன் தனியாகத்தான் போனான்.

அவனுக்கு முந்தாநாள், வியாழக்கிழமை, ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் நடக்கவும் இல்லை.

விடியும் நேரத்தில், பால் வண்டிகள் வருவதற்கு முன்னால், புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போவான். அங்கே நிறுத்தி, மூச்சை இழுத்து, காலை அழுத்துவான். மூன்று விநாடியில் நூறு. இஞ்சின் உறுமல் கிடையாது, புகை கிடையாது, டயர் தாரைத் தேய்க்கும் மெல்லிய சீறல் மட்டும். அவன் நெஞ்சை ஒரு பெரிய உள்ளங்கை சீட்டோடு வைத்து அழுத்தும், கன்னச் சதை காதுப்பக்கம் ஒதுங்கும், வயிறு முதுகெலும்பில் போய் ஒட்டும். பதினெட்டு வருஷம் எடை அவனை மேலிருந்து கீழே அழுத்தியது, கழுத்தைக் குறுக்கியது, முட்டியைத் தேய்த்தது. இந்தக் கார் முன்னாலிருந்து பின்னால் அழுத்தியது. அந்த அழுத்தம் தேனாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரித்தான்.

அந்த வியாழக்கிழமை சாலை ஓரத்தில் ஒரு ஆள் நின்றது. ஆணா பெண்ணா தெரியவில்லை. காலடியில் பச்சை விறகுக்கட்டு. ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று கண்ணே எடை போட்டுவிட்டது. தலையில் சும்மாடு, சுமை உறுத்தாமல் இருக்கத் துணியைச் சுருட்டி வைப்பார்களே, அது தயாராக இருந்தது. ஒரு கை உயர்ந்திருந்தது.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? பெரிய சுமையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. அந்த வழியாக வருகிற யாராவது ஒரு கை கொடுத்துத் தூக்கி விடவேண்டும். அரை நிமிஷ வேலை. சுமை தூக்கிப் பிழைத்த எவனும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனதில்லை. அவனே எத்தனை தடவை அப்படிக் கையைத் தூக்கி நின்றிருக்கிறான்.

அவன் கால் தளரத்தான் செய்தது. ஆனால் முன்னால் சாலை காலியாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வேகத்தடை வந்துவிடும். இந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கால் தானாக அழுந்தியது.

மூன்று விநாடி கழித்துக் கண்ணாடியில் பார்த்தான். ஆளும் இல்லை, கட்டும் இல்லை. வளைவு மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தச் சாலையில் வளைவு கிடையாது.

மேடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் கார் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. திரையில் சின்னதாக ஒரு சிவப்புப் படம்: இடது பின்சீட்டில் பெல்ட் போடவில்லை. திரும்பிப் பார்த்தான். காலி சீட். புதுத் தோல் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெதுவாக எழுந்தது, ஈரத்துணி, பழைய வேர்வை, உரித்த பச்சைப் பட்டை. சும்மாட்டுத் துணியின் வாசனை. அவன் தலையிலேயே பல வருஷம் இருந்த வாசனைதான். சந்தேகமே இல்லை.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து சீட்டில் கை வைத்தான். சீட் குழிந்திருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி சூடாக இருந்தது.

யாரும் எழுந்துபோகவில்லை.

காலையில் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குழந்தை பிறந்து நான்காவது நாள்.

"சாயங்காலம் அஞ்சரைக்கு விட்டுடுவாங்களாம். காரை நல்லாத் தொடைச்சு எடுத்துட்டு வாங்க."

"வாடகை வண்டியில போயிடலாமே."

"ஏன், பாப்பா ஏறினா சீட்டு அழுக்காயிடுமா? யாருக்காக வாங்கினதாம்?" சிரித்தாள். "பின்னாடி எடது பக்கம் நான் உக்காந்துக்கறேங்க. தையலுக்கு அந்தப் பக்கம் சாஞ்சாத்தான் வலிக்கல. பாப்பாவ மடியில வச்சுக்கறேன்."

அந்த மடியும் அந்த சீட்டும் அவன் கண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நின்றன. சரி என்றான்.

ஐந்து மணிக்கு மேடைக்கு வந்தான். வெயில் சாய்ந்து, டிஸ்ப்ளேயின் சிவப்பு கண்ணைக் குத்தியது. போனை முக்காலிடம் கொடுத்தான். "அவ கூப்பிட்டா, கெளம்பிட்டேன்னு சொல்லு." சாவி அட்டை எப்போதும்போல காருக்குள், டம்ளர் வைக்கும் குழியில் கிடந்தது.

ஏற்றினான். 2340.

இறங்கினான். மேடை விளிம்பைத் தாண்டி மண்ணில் போய் நின்றான்.

"ரெண்டாயிரத்து எரநூத்தி அறுவது," என்றது ஸ்பீக்கர். அதில் கேலி இல்லை. அவனுடைய எண்பதும் கழிந்துவிட்டது. மற்றது கழியவில்லை.

"ஏம்ப்பா, இத இங்கயே போட்டுட்டு வேற வண்டியில போ. எனக்கு இது சரியாப் படல."

"இன்னிக்கு வேற வண்டி. நாளைக்கு?"

மேடைமேல் ஏறி, இடது பின்கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு வெக்கை வந்து முகத்தில் மோதியது. சீட் குழிந்துதான் இருந்தது.

"எறங்கு," என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"அன்னிக்கு நான் நின்னிருக்கணும். தப்புதான். பாத்துட்டுத்தான் போனேன். எறங்கிடு. என் பொண்ணு வர வண்டி."

காரின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது. விரல் வைத்துப் பார்த்தான். மூன்று விரல்.

"எண்ணு மாறலப்பா," என்றார் முக்கால். "அதே 2340."

மாறாது. இறங்கினாலும் மேடைமேல்தானே நிற்கும்.

அவன் பக்கத்தில் பார்க்காமல் சுற்றி நடந்து, முன்சீட்டில் ஏறி, பின்கதவு திறந்தபடியே காரை நகர்த்தினான். மேடையைத் தாண்டிப் பத்தடி. நிறுத்தினான்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"நூத்திப்பத்து. மேடையில ஒண்ணுமே இல்ல. நூத்திப்பத்து காட்டுது." கொஞ்ச நேரம் கழித்து, "ஸீரோ. ஸீரோ ஆயிடுச்சுப்பா. போயிடுச்சு."

அவன் இறங்கினான். சிரிப்பு வந்தது. குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தான். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. முகர்ந்து பார்த்தான். தோல் வாசனை மட்டும்தான்.

கேபினில் போன் அடித்தது. முக்கால் ஜன்னலைத் திறந்து, போனை வெளியே நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"எங்க இருக்கீங்க? நாங்க வாசல்ல நிக்கறோம்."

"வந்துட்டேம்மா," என்று சொல்லிக்கொண்டே அவன் மேடைமேல் ஏறிக் குறுக்கே நடந்தான். ஆறு தப்படி.

மூன்றாவது தப்படியில் கழுத்து குறுகியது.

பழைய இடம். அதே எலும்பு. பட்டை உரசும் சத்தம். முட்டி தானாக அகன்றது, பாதம் தானாக ஊன்றியது, வலது கை தானாக மேலே போய்ப் பிடித்தது. ஈரமான பச்சை மரம். விரலுக்கடியில் கயிறு.

கேபினின் மேலே எண் ஆடி நின்றது. 135.

எண்பது போனால் ஐம்பத்தைந்து.

பாதி. சுமை மட்டும்.

ஆள்?

பின்னால் கார்க்கதவு சாத்திக்கொண்டது. மெத்தென்ற, விலையுயர்ந்த சத்தம். டிங். டிங். டிங். பிறகு நின்றுவிட்டது. பெல்ட் போட்டாயிற்று.

சுமையோடு கழுத்து திரும்பாது. உடம்பையே திருப்பினான்.

"அண்ணே. ஒரு கை. எறக்கி விடு."

முக்கால் அவனைப் பார்த்தார். அவன் தலைக்கு மேலே பார்த்தார். மூன்றரை விரல் ஜன்னலை இழுத்துச் சாத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவியின் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, சின்னதாக, தெளிவாக.

"பாப்பா முழிச்சிக்கிட்டா. சீக்கிரம் வாங்க."

சாலைக்குப் போகும் வழி மேடையை ஒட்டித்தான். கார் வந்தது. சத்தமே இல்லை. ஓட்டும் சீட்டில் தலைக்கு மேல் சுருட்டிய துணி தெரிந்தது, துணியின் மேல் எதுவும் இல்லை.

அவன் இடது கையை உயர்த்தினான்.

கார் லேசாகத் தளர்ந்தது. பிறகு அழுந்தியது.

மூன்று விநாடி. ஆஸ்பத்திரிப் பக்கம் சாலை நேராகக் கிடந்தது, வளைவே இல்லாமல். அவன் கையை இறக்கவில்லை. இப்போது அந்தக் காரின் கண்ணாடியில் ஆளும் தெரியாது, கட்டும் தெரியாது என்று அவனுக்குத் தெரியும்.