அவர் கிளம்பியதும் வரும் படம்

"கெட்டுப்போனது கேபிளா, என் தலையா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க, ஹிராசே சான்."

தமயோ இரியே கடைக் கதவை இன்னும் முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி. மழைக்கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில், சுவரிலிருந்து அப்படியே கழற்றி வந்த காலண்டர்.

ஹிராசே பழுதுக்கு வந்திருந்த சோற்றுக் குக்கரின் அடிப்பலகையைத் திருகிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். பேசவில்லை. ஹிமி ஊரின் துறைமுகத் தெருவில் பல்பு மாற்றுவதிலிருந்து கூரையில் டிஷ் வைப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர் கடைதான். யோரிகோ இருபத்தேழு வருடமாக அந்தக் கடையின் கணக்கரும் அவருடைய மனைவியும். அவருடைய மௌனங்களை ரகம் பிரிக்க அவளுக்குத் தெரியும். இது கேட்டுக்கொள்ளும் மௌனம்.

"உக்காருங்க, தமயோ சான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தலைக்கு என்ன? எங்களையெல்லாம் விட நல்லாத்தானே இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் அப்படிச் சொல்லல. அவர் தங்கச்சி காயோவும் சொல்லல. வர்ற வியாழக்கிழமை மறதி வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கப்புறம் எங்கேயோ மலையோரத்துல ஒரு முதியோர் இல்லமாம். படம் போட்ட புத்தகம்கூட வந்தாச்சு."

தமயோ சொன்னது இது. செயற்கைக்கோள் டிவி பல வருடமாகக் கூடத்தில் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கணவர் எய்சாகு தானே ஏணி போட்டு ஏறி, கேபிளை வடக்குப்பக்க அறைக்கு மாற்றிக் கொடுத்தார். முட்டி வலிக்கிறதே, படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் எய்சாகு மீன் ஏலச் சந்தை வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் படம் வரும். மூன்று மணிக்கு, அவர் திரும்புவதற்குச் சற்று முன்னால் போய்விடும். சாதாரண சேனல்களெல்லாம் எப்போதும் வரும். செயற்கைக்கோள் மட்டும்தான் இப்படி.

"சாயங்காலம் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், இருக்காது. 'பகல்ல வந்துச்சுங்க'ன்னா, 'கனவு கண்டிருப்பே'ங்கறார். ஞாயித்துக்கிழமை காயோ வந்தா, அவகிட்ட பெருமையா டிவியைப் போட்டேன். வெறும் நீலம். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, பாருங்க..." அவர் நிறுத்தினார். "அதனாலதான் வட்டம் போட்டு வச்சேன். எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு."

ஹிராசே காலண்டரை வாங்கிக்கொண்டார். படம் வந்த நாட்களில் சிவப்பு வட்டம். புதனும் ஞாயிறும் வெறுமை. அவை சந்தைக்கு விடுமுறை, எய்சாகு வீட்டில் இருக்கும் நாட்கள். அவை தவிர வட்டமில்லாத நாள் ஒன்றே ஒன்று. மே பதினான்கு, செவ்வாய்.

"அன்னிக்கு என்ன?"

"அவர் கூடப் படிச்சவர் ஒருத்தர் சாவு. தகாவோகா ஊருக்குப் போயிருந்தார்."

"எய்சாகு சானுக்கு வேலை கஷ்டமோ?"

"இருக்கும், பாவம். ஆனா எனக்குச் சிரமம் வைக்கறதில்ல. முன்னெல்லாம் பூட்ஸ்ல செதில் ஒட்டிக்கிட்டு வரும், வாசலே நாறும். இந்த வசந்தத்துல இருந்து அவரே கழுவிக் காயவச்சுப் போட்டுட்டு வர்றார். ஒரு செதில் கிடையாது."

ஹிராசே காலண்டரை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றோம். அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

தமயோ போனதும் யோரிகோ பொங்கினாள். "அந்த நாத்தனார்தாங்க! வீட்டுக்கு ஆசைப்பட்டு, ஒளிஞ்சு வந்து எதையோ பிடுங்கி விடறா."

"காயோ சான் வந்துதான் படம் போகுதுன்னா, அவங்க தினமும் மூணு மணிக்கு வரணும். ராத்திரியும் அங்கேயே இருக்கணும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"எய்சாகு தன் வீட்டு வாசல் மணிக்கு பேட்டரி மாத்தக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். கூரைக் கேபிளை ஏன் தானே மாத்தினார்?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. இது வேறு ரக மௌனம். யோரிகோவுக்குப் பிடிக்காதது.

மறுநாள் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். வடக்கு அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெளிவான படம். ஹிராசே அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, யாரும் எதிர்பாராமல் கூடத்துக்குப் போனார். டிவி முன்பு இருந்த இடத்தைக் கேட்டார். அதற்கு எதிரே, தமயோ வழக்கமாக உட்காரும் மெத்தையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே முற்றம், துணி காயும் கம்பம், அப்பால் மாடி வைத்த வலைக் கொட்டகை. அவர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொட்டகைக்குள்ள என்ன இருக்கு?"

"அவங்க அப்பா காலத்து வலைங்க. மாடிப் பலகை உளுத்துப் போச்சு, ஏறாதேன்னு சொல்லியிருக்கார். சாவி அவர்கிட்டதான்."

வீட்டின் பின்பக்கம் ஏணி போட்டார். இறவாரத்தின் அடியில், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள், தீப்பெட்டி அளவான ஓர் உலோகப் பெட்டிக்குள் போய் இரண்டாகப் பிரிந்தது. ஒரே கேபிளை இரண்டு டிவிக்குப் பங்கிடும் ஸ்பிளிட்டர். கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்து, கீழே வரும் இரண்டு கேபிள்களையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று வடக்கு அறைச் சுவரைத் துளைத்து உள்ளே போனது. மற்றது துணிக் கம்பத்தை ஒட்டி, மூங்கில் வேலியின் நிறத்திலேயே டேப் சுற்றி, முற்றத்தைத் தாண்டிப் போனது.

இறங்கியவர் ஏணியைப் பிடித்தபடி நின்றார். மழைத்தூறல் அவர் கண்ணாடியில் விழுந்தது, துடைக்கவில்லை.

"என்னங்க?" என்றாள் யோரிகோ.

"இந்த வேலையை நான் எடுத்திருக்கக் கூடாது." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "தமயோ சான், கொட்டகைக்குத் தனி சுவிட்ச் எங்க இருக்கு?"

சமையலறைச் சுவர்ப் பெட்டியில் இருந்தது. தமயோவை முற்றத்தில் நிற்கச் சொன்னார். யோரிகோவை டிவி முன்னால் நிற்கவைத்தார். சுவிட்சைக் கீழே தள்ளினார்.

"போயிடுச்சு!" என்று யோரிகோ கத்தினாள். "படம் போயிடுச்சுங்க! டிவி ஆன்லதான் இருக்கு, படம் மட்டும் இல்ல!"

அதே நொடியில் கொட்டகை மாடிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், "சே!" என்றது.

யோரிகோ முற்றத்துக்கு ஓடி வந்தபோது உளுத்துப்போனதாகச் சொன்ன பலகையில் காலடிகள் உறுதியாக இறங்கிக்கொண்டிருந்தன. கதவு திறந்தது. எய்சாகு நின்றார். காதில் இயர்போன், கீழே தொங்கும் அதன் வயர், காலில் வீட்டுச் செருப்பு. உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை. அந்தச் சோற்றைக் காலை ஆறு மணிக்கு யார் கட்டிக் கொடுத்திருப்பார் என்று யோரிகோ நினைக்காமல் இருக்க முயன்றாள்.

தமயோவும் கணவரும் எட்டடி தூரத்தில் நின்றார்கள்.

"ஏலச் சந்தை..." என்று ஆரம்பித்தார் தமயோ.

"ஆளைக் குறைச்சுட்டாங்க," என்றார் எய்சாகு. "மார்ச் கடைசில. நாப்பது வருஷமா காலைல கிளம்பினவன், தமயோ. வீட்டுல உக்காந்தா எப்படிப் பாப்பியோன்னு..."

"இன்னொரு கப் டீ போட்டிருப்பேன். அவ்வளவுதானே."

அந்த இடத்தில் அது முடிந்திருக்கலாம். யோரிகோ அப்படித்தான் ஆசைப்பட்டாள். வேலை போன மனிதர், வெட்கம், ஒரு பொய். தமயோவின் முகத்தில் கோபத்தைவிட இரக்கம் முந்திக்கொண்டு வந்தது. அவர் திரும்பி, "அப்ப என் தலைக்கு ஒண்ணுமில்ல, இல்லையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஹிராசே. "டிஷ் வேலை செய்யணும்னா அதுக்குக் கொஞ்சம் மின்சாரம் வேணும். அது டிவியில இருந்து கேபிள் வழியாத்தான் மேல போகும். இந்தப் பெட்டியில ரெண்டு வாய் இருக்கு. மின்சாரம் ஒரு வாய் வழியாத்தான் போகும். அந்த வாயில இருக்கறது கொட்டகைக் கேபிள். அவர் டிவியைப் போட்டா டிஷ் முழிக்கும், ரெண்டு பேருக்கும் படம் வரும். அவர் அணைச்சா உங்களுக்கும் போயிடும். நீங்க போட்ட வட்டமெல்லாம் அவர் இங்க உக்காந்திருந்த நாள். பதினாலாம் தேதி நெசமாவே வெளியூர் போனார், அதான் வட்டமில்ல."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா," என்றார் எய்சாகு அவசரமாக. "கடைல இருந்ததை வாங்கி மாட்டினேன். இது இப்படிப் பண்ணும்னு எனக்கென்ன தெரியும்?"

ஹிராசே அந்தக் கேபிள்களை அண்ணாந்து பார்த்தார். அவர் சொல்லலாமா வேண்டாமா என்று நிறுத்துப் பார்ப்பதை யோரிகோ கண்டாள். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"சொல்லுங்க," என்றார் தமயோ.

"இந்தக் கேபிள் முரடு. ஒரு தடவை மடங்கினா அந்த மடிப்பு போகாது. பெட்டிக்குக் கீழ ரெண்டு கேபிளும் முதல்ல பக்கம் பக்கமா நேரா இறங்கியிருக்கு, மடிப்பு அப்படியே இருக்கு. இப்ப ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா மாட்டியிருக்கு. அதாவது, யாரோ கழட்டி இடம் மாத்தியிருக்காங்க."

எய்சாகு இயர்போன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"முதல்ல மின்சார வாய் தமயோ சானோடது. அதான் முதல் ரெண்டு வாரம் இவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. குறை உங்களுக்குத்தான். இவங்க சமைக்கப் போகும்போது டிவியை அணைப்பாங்க, உங்க படம் போயிடும். ஏன்னு யோசிச்சீங்க. கண்டுபிடிச்சீங்க. ஏணி போட்டு மாத்தினீங்க. மாத்தினா இவங்களுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும், எய்சாகு சான். ஏன்னா அது ரெண்டு வாரம் உங்களுக்கே நடந்துச்சு."

ஹிராசே கூடத்துப் பக்கம் கை காட்டினார்.

"இன்னொண்ணு. கூடத்துல உக்காந்தா கொட்டகைக் கதவு நேரா தெரியும். அவர் இடம் மாத்தினது டிவியை இல்ல, தமயோ சான். உங்களை."

தமயோ கண்ணாடிக் கதவின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தன் முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், அந்த வலி நிஜம்தானா என்று சோதிப்பவர்போல.

"வைத்தியர்கிட்ட நேரம் வாங்கினது யாரு?"

"காயோதான் முதல்ல..."

"வாங்கினது யாருன்னு கேட்டேன்."

எய்சாகுவின் தலை கவிழ்ந்தது. "நான். நீ கேபிளைப் பாக்க ஆளைக் கூப்பிட்டா கொட்டகை தெரிஞ்சுடுமேன்னு..."

"நான் ராத்திரி படுத்துக்கிட்டு என்ன பண்ணேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லிப் பாத்தேன். ஒண்ணு விட்டுப்போனா அழுதேன். நீங்க பக்கத்துல படுத்திருந்தீங்க. 'ஏன் அழறே'ன்னு கேட்டீங்க."

எய்சாகு வயரை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"என்கிட்ட வேற பெட்டி இருக்கு," என்றார் ஹிராசே மெதுவாக. "ரெண்டு வாயிலயும் மின்சாரம் போகும். அஞ்சு நிமிஷ வேலை. யார் அணைச்சாலும் மத்தவங்களுக்குப் படம் வரும்."

"வேண்டாம். என் பக்கத்துக் கேபிளைக் கழட்டிடுங்க. அவர் முழுசா வச்சுக்கட்டும்," என்ற தமயோ கணவர் பக்கம் திரும்பினார். " வியாழக்கிழமை வைத்தியர்கிட்ட நான் வர்றேன். அவர் என்னைக் கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன். ஏன் கூட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டா நீங்க சொல்லுங்க. காயோவும் கூட வரட்டும்."

ஹிராசே ஏணியில் ஏறினார். யோரிகோ கீழே பிடித்துக்கொண்டாள். திருகு ஒவ்வொரு சுற்றாகக் கழன்று வந்தது.

"தமயோ," என்றார் எய்சாகு. இயர்போன் வயரை முழுதாகச் சுருட்டிவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "தப்புதான். பெரிய தப்பு. இந்த வயசுல இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்? மறந்துடேன்."

தமயோ அவரைப் பார்த்தார்.

"மறந்திருப்பேங்க," என்றார். "ஆனா என் தலைக்கு ஒண்ணுமில்லையாமே."

உள்ளே போனவர் சமையலறைக் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.